பேச மறுக்கும் மன்றம்

அண்டை நாடுகள் கூடி அமைப்பு காண்பது எதற்கு? பிணக்குகளைப் பேசித் தீர்க்கவன்றோ? 1985-இல் டாக்காவில் பிறந்த சார்க் அமைப்பின் சாசனமோ, இரு நாடுகளுக்கிடையிலான சிக்கல்களையும் சர்ச்சைக்குரியவற்றையும் விவாதத்திலிருந்து விலக்கிவிட்டது. இதனை விவேகம் என்பர் சிலர்; நாம் உடன்படோம். பேசாது ஒதுக்கிய பிணக்கே மன்றத்தின் கதவை அடைத்தது. 2016-இல் இஸ்லாமாபாத்தில் கூடவிருந்த உச்சிமாநாடு நின்றுபோயிற்று; கடைசியாகக் கூடியது 2014 காத்மாண்டு மாநாடே.

ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பும் உள்விவகாரங்களில் தலையிடாமையையே நெறியாகக் கொண்டிருந்தது. 1994-இல் ருவாண்டாவில் இனப்படுகொலை நிகழ்ந்தது. பின்னர், 2000-இல் ஏற்கப்பட்ட ஆப்பிரிக்க ஒன்றியச் சாசனம், இத்தகைய கொடுமை நிகழுமிடத்துத் தலையிடும் உரிமையை ஒன்றியத்திற்கு வழங்கியது. குருதி சிந்திய பின்னரே அவர்கள் கற்றனர். பாக் நீரிணையில் இந்திய, இலங்கை மீனவர் துயர் தொடர, நாமும் அவ்வாறே காத்திருப்பதா? மௌனம் சமாதானமாகாது. சார்க் சாசனம் திருத்தப்படட்டும்!