அலைபேசி அடங்கும்போது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மிகுதியாக மழை பெய்தது. மின்தடை நீடித்தால் அலைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்துவிடும். அப்போது வில்லியனூரிலோ பாகூரிலோ உள்ள டயாலிசிஸ் நோயாளி எவ்வாறு உதவி கோருவார்?

2004 ஆழிப்பேரலையின்போது, போர்ட் பிளேயரில் இருந்த பாரதி பிரசாத் குழுவினர் ஹாம் வானொலி வழியே செய்திகளைக் கொண்டுசேர்த்தனர். அதற்குக் கோபுரம் தேவையில்லை, பேட்டரி போதும். 12 வயது நிரம்பியோர் அரசுத் தேர்வில் தேறி உரிமம் பெறலாம். கொம்யூன்தோறும் சிலரேனும் இதைக் கற்பது மருந்துக் கையிருப்புக்கு நிகரான தேவை என்பேன்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: நோயாளியின் பெயர், நோய், மருந்துகள், இறுதியாக டயாலிசிஸ் செய்த நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிவையுங்கள். வானொலியில் உதவி கோர, அத்தாளைப் படித்தாலே போதும்.