வல்லமையும் விலையும்

"துறையில் முதல்வராய் நிற்குந் தொழில்நுட்பக் கம்பெனிகள் சிலவற்றின் பங்குகளை வாங்குக, பின்னர் அமைதியாய் இருந்துவிடுக" என்பது, நெடுங்காலச் சேமிப்பை நாடுவோர்க்கு இந்நாளில் பலருங் கூறும் அறிவுரை. இது பாதியே மெய் என்பது எம் கருத்து. விரைவிற் பொருளீட்டப் புகும் நம் தோழர்கள் முதற் சம்பளத்தின் மிச்சத்தை இதன்படி இடுமுன், சிறிது ஆராய்தல் நன்று.

முதன்மை எய்துதல் வேறு. அதில் நிலைத்தல் வேறு. அமெரிக்க நாட்டுக் கோடாக் கம்பெனி, புகைப்படத் தொழிலில் நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்தது. 1975-ஆம் ஆண்டிற் படச்சுருள் வேண்டாத புகைப்படக் கருவியை ஆக்கியவர், அக்கம்பெனியின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் என்பவரே. ஆயினும், படச்சுருளாற் பெருகிய இலாபமே அதனைப் பழைய வழியிற் பிணித்தது. 2012-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அது திவால் மனுக் கொடுத்தது.

நிலைத்து நிற்குங் கம்பெனியும் விலை மிகுந்தால் நட்டந் தரும். 2000-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், சிஸ்கோ கம்பெனியின் பங்குகளது மொத்த மதிப்பு 50,000 கோடி டாலரைக் கடந்தது. 2002-ஆம் ஆண்டிற்குள் பங்கின் விலை ஐந்தில் நான்கு பகுதிக்குமேல் வீழ்ந்தது. அடுத்த இருபதாண்டுகளில் விற்பனை இரு மடங்கிற்கு மேற் பெருகியும், விலை பழைய உச்சத்தை எட்டவில்லை. மைக்ரோசாப்ட் கம்பெனியும் 1999-ஆம் ஆண்டின் உச்ச விலையை 2016-ஆம் ஆண்டிலேதான் மீண்டுங் கண்டது.

அங்ஙனமாயின், இத்தகைய பங்குகளை அறவே விலக்குதல் வேண்டுமோ எனின், வேண்டா. பொறுத்திருந்தார்க்கு மைக்ரோசாப்ட் பின்னாளிற் பெரும்பயன் அளித்ததும் மெய்யே. யாம் வேண்டுவது மூன்று வினாக்களே. வாங்குவோர் அக்கம்பெனியை விட்டு நீங்குதல் அரிதோ, எளிதோ? ஓராண்டு இலாபத்தைப்போல் எத்துணை மடங்கு விலை கேட்கப்படுகின்றது? அஃதொன்று வீழினும் நம் சேமிப்பு பிழைக்குமோ?

இவற்றிற்கு விடை காண ஓய்வில்லாதார், பல நூறு கம்பெனிகளின் பங்குகளை ஒருங்கே கொள்ளும் குறியீட்டு நிதியை நாடுதல் தக்கது. அங்கே நேற்றைய முதல்வர் தேய்வர். நாளைய முதல்வர் தாமே வளர்வர். யார் வெல்வார் என முன்னறிந்து கூறும் பொறுப்பு நம்மைச் சாராது. பெயரின் பெருமைக்கு அன்று, பெறும் பொருளின் தகுதிக்கே விலை கொடுப்போமாக.