மழுங்கிய பிளேடுதான் விரலை வெட்டுகிறது

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்துகளில் முடிதிருத்தும் கடைகள் பல உண்டு. அடுத்த முறை போகும்போது, சவரத்துக்கு உட்கார்ந்திருப்பவர் பக்கம் கொஞ்சம் பாருங்கள். கடைக்காரர் புது பிளேடு ஒன்றைக் காகித உறையோடு எடுப்பார். உறைக்குள்ளேயே நீளவாக்கில் பாதியாக ஒடித்து, ஒரு பாதியைக் கத்தியில் செருகுவார். வேலை முடிந்ததும் அதைக் கழற்றிப் போட்டுவிடுவார். இரத்தத்தின் வழியே நோய் தொற்றக்கூடாது என்பதற்காக வந்த வழக்கம் இது. ஆனால் நான் போகும் கடையின் அண்ணன் இன்னொரு காரணமும் சொன்னார்: "பழசு இழுக்கும் தம்பி. இழுத்தா அழுத்தத் தோணும். அழுத்தினா வெட்டிரும்."

இதை நான் ஓராண்டுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

போன ஆண்டு என் உயர்நிலை 2 வகுப்பில் நிறமாலை பார்க்கும் பெட்டி செய்தோம். காலை உணவு தானியம் வரும் அட்டைப் பெட்டி, பழைய குறுந்தட்டு, ஒளி நுழைய ஒரு மெல்லிய பிளவு. கருவி அவ்வளவுதான். குறுந்தட்டில் ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறத்தாழ 625 தடங்கள் இருப்பதால், அது ஒளியை வண்ணங்களாகப் பிரித்துவிடும். கடினமான வேலை அந்தப் பிளவுதான். அரை மில்லிமீட்டர் அகலத்தில், ஓரம் பிசிறாமல் வெட்ட வேண்டும். பிசிறினால் நிறக்கோடுகள் கலங்கிவிடும்.

பேனாக்கத்திகளைக் கொடுத்தது நான்தான். பிள்ளைகளுக்குப் புது பிளேடு ஆபத்து என்று நினைத்து, அலமாரியில் கிடந்த பழைய கத்திகளை எடுத்துக் கொடுத்தேன். ஒரு மாணவி கீறிப் பார்த்தாள், அட்டை வெட்டுப்படவில்லை. இன்னும் அழுத்தினாள். கத்தி அளவுகோலின்மேல் ஏறி, அவளுடைய இடது ஆட்காட்டி விரலில் இறங்கியது. மூன்று தையல். அவள் அழவில்லை. எனக்குத்தான் கை நடுங்கியது.

அதன்பிறகு, கத்தியே வேண்டாம், இயந்திரத்தில் வெட்டிய அட்டைகளை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அக்கறையில் சொன்னதுதான், ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை. வெட்டி வந்த அட்டையை ஒட்டுபவருக்குப் பிளவின் அகலம் ஏன் முக்கியம் என்பது தெரியாமலே போகும். மேலும், வகுப்பில் கத்தியைத் தொடாத மாணவர் வாழ்நாள் முழுதும் அதைத் தொடாமலா இருக்கப் போகிறார்? திட்டப்பணியை ஒப்படைப்பதற்கு முதல் நாள் இரவு பதினொரு மணிக்கு, வீட்டில் எங்கோ கிடந்த துருப்பிடித்த கத்தியோடு, யாரும் பக்கத்தில் இல்லாமல் கற்றுக்கொள்வார்.

சவரக்கடை அண்ணன் சொன்னதை நீங்கள் கணக்காகவும் போடலாம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது. பிளேடின் 2 மி.மீ. நீளம் அட்டையைத் தொடுகிறது, அதன் விளிம்பு 0.01 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம். 2 நியூட்டன் விசை கொடுத்தால் அழுத்தம் 100 மெகாபாஸ்கல். விளிம்பு தேய்ந்து 0.1 மி.மீ. ஆகிவிட்டால், அதே அழுத்தத்துக்கு 20 நியூட்டன் வேண்டும். அது 2 கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பிடிக்கும் விசை. கத்தி நழுவும் கணத்தில் அந்த 20 நியூட்டனும் தடுப்பாரில்லாமல் உங்கள் கையை இழுத்துக்கொண்டு போகும். அட்டைக்கு மழுங்கிப்போன பிளேடு, அத்தனை விசையோடு வரும்போது தோலுக்குப் போதுமான கூர்மையோடுதான் இருக்கும்.

மெத்தென்ற காகிதம் எஃகை எப்படித் தேய்க்கும் என்று கேட்கலாம். காகிதத்தில் நார் மட்டும் இல்லை. வெண்மைக்கும் வழவழப்புக்கும் வெண்களிமண், கால்சியம் கார்பனேட் போன்ற தூள்களைச் சேர்க்கிறார்கள். பிளேடுக்கு அது மிக நைசான உப்புத்தாள் மாதிரி.

இதற்கு விடை உங்கள் பென்சில் பெட்டியிலேயே இருக்கிறது. பிளேடில் சாய்வாகப் போகும் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். 1956இல் ஜப்பானின் ஒசாகாவில், அச்சகத்தில் வேலை பார்த்த யோஷியோ ஒகாடா கண்ட வழி அது. செருப்புத் தைப்பவர்கள் கண்ணாடிச் சில்லின் முனை மழுங்கியதும் அதை உடைத்துப் புது முனை உண்டாக்குவதையும், கட்டம் கட்டமாக ஒடியும் சாக்லெட்டையும் அவர் சேர்த்து யோசித்தார். ஒடிப்பதற்காகவே போட்ட கோடுகள். நம்மில் பெரும்பாலோர் கத்தி தொலையும்வரை ஒரு துண்டைக்கூட ஒடிப்பதில்லை.

விளிம்பை விளக்கின்கீழ் பிடித்துப் பாருங்கள். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பி அனுப்பாது. வெள்ளைக் கோடோ புள்ளியோ மின்னினால் அந்தத் துண்டின் காலம் முடிந்தது. ஆய்வுக்கூடக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது ஒடியுங்கள். ஒரே ஒரு துண்டை வெளியே தள்ளி, கோடு தெரியும் பக்கம் மேலே இருக்க, இடுக்கியால் பிடித்துக் கீழ்நோக்கி வளைத்தால் போதும்.

வெட்டும்போது அவசரம்தான் எதிரி. முதல் கீறல் அட்டையில் வெறும் தடம் போடத்தான். இரண்டாவதும் மூன்றாவதும் அந்தத் தடத்திலேயே தானாக ஓடும். அளவுகோல் எஃகாக இருக்கட்டும். பிளாஸ்டிக் அளவுகோலின் ஓரத்தைப் பிளேடு கடித்து மேலே ஏறிவிடும். உங்களுக்கு வேண்டிய பகுதியை அளவுகோல் மூடியிருந்தால், கத்தி விலகினாலும் கழிவுப் பக்கம்தான் கெடும். இடக்கை விரல்கள் ஓரத்தைவிட்டு உள்ளே தள்ளியும், கத்தி போகும் வழியில் எதுவும் இல்லாமலும் இருக்கவேண்டும். வளைவு வந்தால் கையை முறுக்காதீர்கள், அட்டையைத் திருப்புங்கள். தையல் பிரித்த பிறகு அந்த மாணவி புது பிளேடில் நான்கே கீறலில் பிளவை வெட்டினாள். வகுப்பறைக் குழல்விளக்கின் பச்சைக் கோடு அவள் பெட்டியில்தான் முதலில் தனியாகத் தெரிந்தது.

இன்னொன்று: மேசையிலிருந்து விழும் கத்தியைப் பிடிக்கப் போகாதீர்கள். 75 செ.மீ. உயரத்திலிருந்து தரையைத் தொட அதற்குச் சுமார் 0.4 விநாடி ஆகும். கண் பார்த்துக் கை அசையவே ஏறக்குறைய 0.2 விநாடி போய்விடும். மிச்சமுள்ள நேரத்தில் கையை நீட்டலாம். கைப்பிடியையா பிளேடையா என்று தேர்ந்தெடுக்க முடியாது. காலை நகர்த்திக்கொண்டு விழ விடுங்கள். அறுவைக் கத்தி மாதிரி உருண்டைக் கைப்பிடி உள்ள கத்தியென்றால், வேலைக்கு இடையிலும் மூடியைப் போட்டு வையுங்கள். வேலை முடிந்ததும் கத்தி ஆசிரியரிடம் போகட்டும், சட்டைப்பையில் வேண்டாம்.

ஒடித்த துண்டுகளை வெறுமனே குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். பையைக் கட்டித் தூக்கும் துப்புரவு ஊழியருக்கு உள்ளே இருப்பது தெரியாது. என் மேசையில் மிட்டாய் வந்த தகர டப்பா ஒன்று இருக்கிறது, மூடியில் சின்னப் பிளவோடு. துண்டுகள் அதற்குள் போகும். நிறைந்ததும் மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி, மேலே "பிளேடு" என்று பெரிதாக எழுதிக் கொடுத்துவிடுவேன். இந்த ஆண்டு அது பாதிக்குமேல் நிறைந்துவிட்டது.