ஏரியின் மேல் எத்தனை மாடி?



சென்னைத் தியாகராய நகரின் உட்தெருக்களில் ஒருமுறை நடந்து பாருங்கள். நேற்று வேம்பு நின்ற முற்றத்தில் இன்று இரும்புக் கம்பி நிற்கிறது. ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு இடிகிறது. ஒரு டஜன் குடும்பங்களுக்கான அடுக்குமாடி எழுகிறது. வளர்ச்சி, வளர்ச்சி என்று முரசறைகிறார்கள். வளர்வது எது? வாழ்வா, மனையின் விலையா?

அந்த மண்ணின் வரலாறு சிறிது கேளுங்கள். நூறாண்டுகளுக்கு முன் அது ஏரி! மயிலாப்பூர் நெடிய ஏரி என்று பெயர். 1920-களில் அதைத் தூர்த்தார்கள், நகர் அமைத்தார்கள், நீதிக் கட்சித் தலைவர் தியாகராயரின் பெயரைச் சூட்டினார்கள். பெருகிவந்த மக்களுக்கு இடம் தேடிய காலம் அது. ஆயினும் அமைத்தவர்கள் அளவறிந்து அமைத்தார்கள். தாழ்ந்த வீடு, சுற்றிலும் தோட்டம், நடுவிலே பனகல் பூங்கா. விழுந்த மழையைக் குடிக்க மண் இருந்தது. ஏரி போயிற்று, ஏரியின் தொழிலைத் தோட்டங்கள் செய்தன.

இன்று அந்தத் தோட்டங்களையும் தூர்க்கிறோம். சிமெண்டு பூசிய தரையிலே கார் நிற்கிறது; மழை எங்கே நிற்கும்? 2021 நவம்பரில் விடை கிடைத்தது. தியாகராய நகரிலும் மேற்கு மாம்பலத்திலும் தெருவெல்லாம் வெள்ளம்! மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்று ஒன்று உண்டு. ஏரியை மறந்தவர்கள் நாம். ஏரி தன் இடத்தை மறக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிரவுண்டு மனை 2,400 சதுர அடி. சாதாரணக் கட்டடத்துக்கு முன்பு அதன்மேல் ஒன்றரை மடங்கு, அதாவது 3,600 சதுர அடி எழுப்பலாம். 2019-இல் வந்த கட்டட விதிகள் அதை இரண்டு மடங்காக்கின: 4,800 சதுர அடி. சாலை அகலமென்றால், கட்டணம் செலுத்தி அதற்கு மேலும் எழுப்பலாம். சாலையின் அகலத்தை அளக்கிறார்கள், கட்டணத்தை எண்ணுகிறார்கள், அந்தத் தெருவின் சாக்கடை எத்தனை குடும்பத்தைத் தாங்கும் என்று அளந்தவர் யார்? 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற தலைநகரும் இதுவே. அதே ஆண்டில்தான் மாடிக்கு மேல் மாடிக்கு வழி திறந்தது!

"வீடற்றோர்க்கு வீடு வேண்டாமா? தோட்டம் வைத்துச் சுகமாய் வாழும் சீமான்களுக்காகவா பரிந்து பேசுகிறீர்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும், கேட்க வேண்டிய கேள்விதான். தம் தெருவுக்குள் ஏழை வரலாகாது என்பதற்காகவே எதிர்ப்போரும் உண்டு. அவர்களுக்கு நான் வழக்கறிஞன் அல்லேன்.

ஆனால் எழுந்த மாடிகளில் குடியேறியவர் யார்? அந்தத் தெருவிலே பாத்திரம் தேய்க்கும் அம்மையாருக்கு அங்கே ஒரு கதவு திறந்ததா? கூவக் கரையிலும் அடையாற்றங்கரையிலும் குடிசை போட்டிருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்களே! நகரின் விளிம்பில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கத்தில் அவர்களுக்கு இடம். வேலை ஓரிடம், வீடு வேறிடம், பேருந்திலே பாதி வாழ்வு! ஏழையின் பெயரைச் சொல்லி மாடி கேட்கிறார்கள். மாடி எழுந்ததும் ஏழையை மறக்கிறார்கள். பசித்தவன் பெயரால் இலை போட்டுப் பணக்காரன் உண்ணுகிற பந்தி இது!

ஆகவே நாம் கேட்பது இது. உட்தெருக்களில் கூடுதல் மாடிக்கு அனுமதி தருமுன், தெருத் தெருவாகக் குடிநீரையும் வடிகாலையும் அளந்து, அந்த அளவை மக்கள் முன் வையுங்கள். மனையில் ஒரு பகுதி வெறும் மண்ணாகவே இருக்கட்டும். அதை விலை கொடுத்தும் வாங்க முடியாதென்று விதி செய்யுங்கள். நெருக்கிக் கட்டியே தீரவேண்டுமெனில், நகரின் நடுவே அரசுக்குள்ள நிலத்தில், உழைப்பவனுக்காகக் கட்டுங்கள். அந்த மாடியை வாழ்த்த முதல் ஆளாக நான் வருவேன்.

தோழரே, உங்கள் தெருவிலும் ஒருநாள் பழைய வீடு இடியும். அன்று மாடி கட்ட வருவோரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். தண்ணீர் எங்கிருந்து வரும்? கழிவு எங்கே போகும்? மழை எங்கே இறங்கும்? மூன்றுக்கும் விடை சொல்லட்டும். அதுவரை செங்கல் இறக்க வேண்டாம்!