கோலின் நீளம் என்ன?



தஞ்சைப் பக்கத்தில் வயல் விலை பேசும் பெரியவர்களின் அருகே உட்கார்ந்திருந்தால், குழி, மா, வேலி என்ற சொற்கள் உங்கள் காதில் விழுந்திருக்கும். நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. அப்படியானால் குழி என்பது எவ்வளவு? ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உள்ள சதுரம். கோல் எவ்வளவு நீளம்? அங்கேதான் இருக்கிறது சங்கதி! பன்னிரண்டு அடிக் கோலால் அளந்தால் ஒரு குழி 144 சதுர அடி. நூறு குழி 14,400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 33 சென்ட். மூன்று மா ஓர் ஏக்கர் என்று நம் ஊரில் சொல்வது இந்தக் கணக்கினால்தான். பதினாறு அடிக் கோலால் அளந்தாலோ ஒரு குழி 256 சதுர அடியாகிவிடும். குழிகளின் எண்ணிக்கை அதேதான். நிலமோ கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு!

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். சோழர் காலக் கல்வெட்டுகள் நிலத்தின் பரப்பைச் சொல்லும்போது, எந்தக் கோலால் அளந்தது என்பதையும் சேர்த்தே சொல்வதுண்டு. கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே கோடாக வெட்டி வைத்த ஊர்களும் உண்டு. கோலைச் சொல்லாமல் குழியை மட்டும் சொன்னால் வழக்குத்தான் மிஞ்சும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கணிப்பொறித் திரையில் இன்று நடப்பது அந்த வழக்குத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி ஆய்வகத்துக்குப் புதிய மடிக்கணினிகள் வந்தன. 14 அங்குலத் திரை. குறுக்கே 1920, நெடுக்கே 1080 படப்புள்ளிகள். 'பிக்சல்' என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பது இந்தப் படப்புள்ளியைத்தான். அவற்றில் லினக்ஸ் இயக்குதளத்தை நிறுவினோம். திறந்து பார்த்தால் எழுத்தெல்லாம் எள்ளும் கேழ்வரகுமாகத் தெரிந்தது. கடைசி வரிசை மாணவன் ஒருவன் மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்து படித்தான். "கண் டாக்டரைப் பார்" என்று அவனிடம் சொன்னேன். குற்றம் அவன் கண்ணில் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். முன்பு மலிவு விலை மடிக்கணினிகளில் வழக்கமாக இருந்தது 1366க்கு 768 என்ற திரை. 14 அங்குலத்தில் அது அங்குலத்துக்கு 112 படப்புள்ளிகள். புதிய திரையில் அங்குலத்துக்கு 157. மென்பொருள் எழுத்தின் உயரத்தை '16 படப்புள்ளி' என்று வைத்திருந்தால், பழைய திரையில் அது 3.6 மில்லிமீட்டர், புதிய திரையில் 2.6 மில்லிமீட்டர். 14 அங்குலத்திலேயே 3840க்கு 2160 என்ற விலையுயர்ந்த திரைகளும் வருகின்றன. அவற்றில் அதே எழுத்து 1.3 மில்லிமீட்டர்தான்! எண்ணிக்கை மாறவில்லை, கோல் சுருங்கிவிட்டது.

திரையின் நீள அகலம் கணிப்பொறிக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். 1994-ல் வந்த ஒரு தரநிலையின்படி, திரை தன் அளவைக் கணிப்பொறிக்குத் தானே அறிவிக்கிறது. லினக்ஸ் உலகில் நெடுங்காலம் திரையை ஆண்ட 'எக்ஸ்' என்னும் சாளர முறை 1984-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்தது. திரையின் அகலத்தை மில்லிமீட்டரில் சொல்லும் ஏற்பாடு அதிலேயே உண்டு. ஆனால் நடைமுறையில் எந்தத் திரையாக இருந்தாலும் அங்குலத்துக்கு 96 படப்புள்ளிகள் என்று வைத்துக்கொள்ளும் பழக்கம் வேரூன்றிவிட்டது. நியாயமாகச் சொன்னால், தம் அளவைத் தவறாக அறிவித்த திரைகளும் உண்டு; மென்பொருள் எழுதியவர்கள் சலித்துப்போனதில் வியப்பில்லை. திரைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நெருக்கத்தில் இருந்தவரை அதனால் தொல்லையும் இல்லை. ஊர் முழுவதும் ஒரே கோல் இருந்தால் கோலின் நீளத்தை யார் கேட்கப் போகிறார்கள்?

நெருக்கமான திரைகள் வந்ததும் முதலில் கண்ட தீர்வு, எல்லாவற்றையும் இரு மடங்காக்குவது. லினக்ஸின் புகழ்பெற்ற டெஸ்க்டாப்பான க்னோம் 2013-ல் இதைக் கொண்டுவந்தது. ஒரு புள்ளிக்கு நான்கு புள்ளி. கணக்கு முழு எண். கோடுகள் கூர்மை குறையாமல் நிற்கும். விலையுயர்ந்த திரைக்கு இது போதும்.

நம் ஆய்வகத் திரைக்கோ இரு மடங்கு மிகுதி. 1920க்கு 1080 என்பது 960க்கு 540 போலாகிவிடும். சாளரத்தின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். ஒரு மடங்கு சிறிது, இரு மடங்கு பெரிது. தேவைப்படுவது ஒன்றேகால் அல்லது ஒன்றரை மடங்கு. பின்னம் நுழைந்ததும் தொல்லையும் நுழைகிறது. ஒரு படப்புள்ளித் தடிமனுள்ள கோட்டை ஒன்றேகால் படப்புள்ளியாக வரைவது எப்படி? படப்புள்ளியைக் கால்வாசியாக வெட்ட முடியாது. ஒரு புள்ளியை முழுக் கருப்பாகவும், பக்கத்துப் புள்ளியைச் சாம்பல் நிறமாகவும் காட்ட வேண்டியதுதான். அதுவே மங்கல்.

க்னோம் 2019 மார்ச்சில் சோதனை முறையில் தந்த பின்ன மடங்கு எப்படி வேலை செய்தது தெரியுமா? முதலில் இரு மடங்காக வரைந்துகொள்ளும். பிறகு சுருக்கிக் காட்டும். ஒன்றேகால் மடங்குக்கு 3072க்கு 1728 என்று 53 லட்சம் புள்ளிகளை வரைந்து, 21 லட்சம் புள்ளிகளில் அடைக்க வேண்டும். இரண்டரை மடங்கு வேலை, மின்கலத்துக்கும் செலவு, முடிவில் மங்கல்! நாற்று முழுவதையும் நட்டுவிட்டுப் பாதிக்குமேல் பிடுங்கி எறிவது போன்றது இது.

இங்கே இயற்பியல் சற்றுக் குறுக்கிடுகிறது. நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக் கோணத்தைப் பிரித்தறியும். அரை மீட்டர் தொலைவில் அது 0.145 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்துக்கு ஏறத்தாழ 175 புள்ளிகள். 315 புள்ளி நெருக்கமுள்ள திரையில் அரைப்புள்ளி மங்கினால் நம் கண்ணுக்குத் தெரியாது. 157 புள்ளித் திரையில் மங்கல் தெரியும். ஆக, பின்ன மடங்கு தேவைப்படுவதும், அதன் கேடு கண்ணில் படுவதும் நடுத்தர விலைத் திரைகளில்தான். நம் கல்லூரிகளும், உங்கள் வீட்டாரும் வாங்குவது அவற்றையே. அதனால்தான் 'விலையுயர்ந்த திரை வாங்கினால் சரியாகிவிடும்' என்ற பதிலை நான் ஏற்பதில்லை.

தமிழ் படிப்பவருக்கு இதில் கூடுதல் நட்டம் உண்டு. ஆங்கில எழுத்து பெரும்பாலும் நேர்கோடும் ஓரிரு வளைவும். நம் எழுத்தோ சுழி மேல் சுழி. 'கணம்' காலத்தைக் குறிப்பது, 'கனம்' எடையைக் குறிப்பது. இரண்டுக்கும் வேற்றுமை ஒரே ஒரு சுழி. 16 படப்புள்ளி உயரமுள்ள எழுத்தில் மெய்யின் தலைப்புள்ளிக்கு ஓரிரு படப்புள்ளிகளே கிடைக்கும். அது சாம்பலாகக் கரைந்தால் 'க்' என்பது 'க' ஆகிவிடும். தமிழ் அறியாத ஒருவர் தம் திரையில் சோதித்துப் பார்த்து 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று சொன்னால் அவரைக் குறை சொல்ல முடியுமா? புள்ளி போனதை அவர் எப்படி அறிவார்?

சரியான வழி ஒன்று இருக்கிறது. எழுத்துரு என்பது வளைகோடுகளின் கணிதம். எந்த அளவிலும் நேராக, புதிதாக வரையலாம். எனவே மென்பொருளிடம் 'மடங்கு ஒன்றேகால்' என்று முன்னதாகவே சொல்லிவிட்டால், அது சரியான அளவிலேயே வரைந்து தரும், சுருக்க வேண்டியதில்லை. எக்ஸுக்கு மாற்றாக 2008-ல் தொடங்கப்பட்ட 'வேலண்ட்' முறையில், இப்படிப் பின்னத்தைச் சொல்வதற்கான பொது விதி 2022 நவம்பரில் சேர்ந்தது. கே.டி.இ. டெஸ்க்டாப் 2023 பிப்ரவரியில் வெளியான தன் 5.27 பதிப்பில் அதைக் கைக்கொண்டது. ஆனால் எக்ஸுக்காக எழுதப்பட்ட பழைய மென்பொருள்கள் இந்தப் பேச்சைப் புரிந்துகொள்ளா. அவற்றைச் சிறிதாக வரைந்து ஊதிப் பெருக்கும் இடங்களில் இன்றும் மங்கல்தான். நம் பள்ளி, கல்லூரிகளில் பயன்படும் மென்பொருள்களில் பழையவை பல என்பதை மறக்கலாகாது.

அன்று ஆய்வகத்தில் நான் என்ன செய்தேன்? திரையின் அளவை 1366க்கு 768 என்று குறைத்து வைத்தேன். எழுத்து பெரிதாயிற்று, மாணவர்கள் மகிழ்ந்தனர். அது தவறு. திரவப் படிகத் திரையின் படப்புள்ளிகள் கண்ணாடியில் நிலையாக அமைந்தவை. 1366-ஐ 1920-ல் பரப்பினால் மறுபடியும் பின்னம். திரை முழுவதும் மங்கல். காசு கொடுத்து வாங்கிய நெருக்கத்தை நானே கலைத்தேன். பிறகு அதைப் பழையபடி வைத்து, எழுத்தின் அளவை மட்டும் ஒன்றேகால் மடங்காக்கினேன். படக்குறிகள் சிறியனவாகவே இருந்தன. ஓரிரு சாளரங்களில் 'டு', 'ரு' போன்ற எழுத்துகளின் அடிப்பகுதி வெட்டுப்பட்டது. ஆனால் மற்ற எழுத்தெல்லாம் கத்தி முனை போல் நின்றது. வேலண்ட் பழைய மென்பொருளையும் சரிவரக் காட்டும்வரை நடுத்தரத் திரைக்கு இதுவே நல்லது என்பது என் கருத்து.

தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் வழங்கப்பட்டது. லட்சக்கணக்கான மாணவர் வீட்டுக்கு அது போய்ச் சேர்ந்தது. அவர்களில் எத்தனை பேர் "லினக்ஸில் எழுத்து நன்றாக இல்லை" என்று மூடிவைத்தார்களோ! லினக்ஸின் நிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்திருப்பது. பிழை கண்டால் எழுதியவருக்கே தெரிவிக்கலாம். வெட்டுப்பட்ட 'டு'வைப் பற்றி நாம் சொல்லாமல் வேறு யார் சொல்வார்?

சொல்லும்போது கோலையும் சேர்த்துச் சொல்லுங்கள். "எழுத்து சிறிதாக இருக்கிறது" என்றால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. அடுத்த முறை கணிப்பொறி அறைக்குப் போகும்போது வடிவியல் பெட்டியிலிருந்து அளவுகோலை எடுத்துச் செல்லுங்கள். ஒளிரும் பகுதியின் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து, குறுக்கே உள்ள படப்புள்ளிகளின் எண்ணிக்கையை அதனால் வகுத்து, 25.4 ஆல் பெருக்குங்கள். எங்கள் ஆய்வகத்தில் அகலம் 310 மில்லிமீட்டர், விடை 157. உங்கள் பள்ளியில் எத்தனை?