நம்ம தெருச் சுவரே கலர் பெட்டி



வீடு வரையச் சொன்னால் நாம் என்ன வரைவோம்? சிவப்பு ஓடு, மஞ்சள் சுவர், பின்னால் இரண்டு மலை, நடுவில் உதிக்கிற சூரியன். நானும் ஆறாம் வகுப்பிலிருந்து அதைத்தான் வரைந்தேன். ராயகிரிக்கு மலை மேற்கே இருக்கு. அங்கே சூரியன் மறையும், உதிக்காது! கலர் மட்டும் சரியாகவா இருந்திருக்கும்?

கோடை விடுமுறையில் பழைய ரப்பர் செருப்பை பிளேடால் செதுக்கி, எங்க ஆச்சி வீட்டை அச்சு எடுத்தேன். கறுப்பில் ஒற்றிவிட்டு, கையால் கலர் கொடுக்கணும். முதலில் ஸ்டாம்ப் பேட் மையில் ஒற்றினேன். வாட்டர் கலர் பட்டதும் கறுப்பு ஓடிப் படமே பாழ். அப்புறம் அச்சகத்தில் எண்ணெய் மை வாங்கி ஒற்றி, நாலு நாள் காயவிட்டேன். (செருப்பில் நேராகச் செதுக்கினால் தாளில் இடவலம் மாறி விழும். அதை மறந்துட்டேன். "ஏட்டி, வாசல எதுக்கு அந்தப் பக்கம் கொண்டு போயிட்ட?" என்று ஆச்சி கேட்டாள்.)

பெட்டியில் இருந்த மஞ்சளைப் பூசினேன். அது ஆச்சி வீடே இல்லை. வெளியே போய்ச் சுவரைப் பார்த்தேன். மேலே, சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்த வெளிர்நீலம். அது உதிர்ந்த இடத்தில் பச்சை. அதற்கும் அடியில், தாத்தா காலத்து மஞ்சக்காவி. கதவோரம் கை பட்டுப் பட்டு எண்ணெய்க் கறுப்பு. திண்ணையில் சிவப்புச் சிமெண்ட், ஆள் உட்காரும் இடம் மட்டும் மினுங்குது. கோயில் மதிலின் காவிப் பட்டைகூட வெயிலில் ஒரு நிறம், மழையில் நனைந்தால் வேறு நிறம். இத்தனை வருஷம் அந்த வழியாகத்தான் பள்ளிக்கு வருகிறேன்.

குற்றாலம் சித்திர சபைச் சுவர் ஓவியங்கள் மூலிகைச் சாயத்தில் தீட்டியவை என்பார்கள். கடை வாட்டர் கலரும் நிறப் பொடியும் பிசினும்தானே? கோலத்துக்கு வைத்திருந்த காவிக்கட்டியை அரைத்து, வேலம்பிசின் கரைத்த தண்ணீரில் குழைத்துத் திண்ணைக்குப் பூசினேன். அப்படியே பொருந்திப்போச்சு.

என் தோழி பார்த்துட்டு, "அழுக்குக் கலரா இருக்கே, பளிச்சுனு இல்லையே" என்றாள். ஜப்பானில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மரப்பலகையில் கறுப்பை மட்டும் அச்சிட்டு, ஈயச் சிந்தூர ஆரஞ்சும் இன்னும் ஒன்றிரண்டு நிறமும் கையால் பூசினார்கள். பல வண்ணங்களையும் பலகையிலேயே அச்சிடும் முறை 1765க்குப் பிறகுதான் பரவியது. அந்தக் கைவண்ணப் படங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கு. (ஈயச் சிந்தூரம் விஷம், நமக்கு வேண்டாம்!)

தை பிறந்ததும் ஆச்சி வீட்டை இடிக்கப் போகிறார்கள். மழைக்கு ஒழுகாத வீடு வேணும் என்பது ஆச்சிக்கே ஆசை. அதனால் இடிக்காதீங்கன்னு நான் எழுதவில்லை. ஆனால் இந்த வருட ஓவியக் கண்காட்சியில் ஒவ்வொருவரும் தன் தெருவில் ஒரு சுவரைப் பார்த்துக் கலர் எடுக்கலாமே? பளிச்சென்று இல்லை என்று ஆசிரியர்கள் மதிப்பெண் குறைக்காமல் இருந்தால் போதும்.

நான் 12 பிரதி ஒற்றியிருக்கேன். 5க்குத்தான் கலர் கொடுத்திருக்கேன். மீதி 7ஐயும் சுவர் நிற்கும்போதே முடிக்கணும். சனி, ஞாயிறு ஆச்சி வீட்டுத் திண்ணையில்தான் இருப்பேன். வருகிறவர்கள் பிரஷ் கொண்டு வாங்க, என்னிடம் ஒன்றுதான் இருக்கு.

– 9ஆம் வகுப்பு மாணவி