காதுக்குப் பிடித்தால் போதுமா?

ஓசூருக்கு அருகே தென்பெண்ணை ஆற்றில் இருக்கிறது கெலவரப்பள்ளி அணை. மழைக் காலத்தில் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து வெள்ளம் வந்தால், அங்கே நுரை பொங்குகிறது. பஞ்சுப் பொதி போல வெள்ளை வெளேர் என்று மிதக்கிறது. பார்க்க அழகு! ஆனால் அது ஆலைக் கழிவும் சாக்கடையும் கலந்த நுரை. அந்தத் தண்ணீர் பயிருக்கு ஆகுமா, ஆகாதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சோதனைச் சாலையில் அளந்துதான் சொல்ல வேண்டும்.

தண்ணீருக்கு அது சரி. பாட்டுக்கு?

பழைய இசைத்தட்டுகள் மறுபடியும் வீடுகளுக்குள் வருகின்றன. அமெரிக்காவில் 2022-ல் சி.டி.யை விட இசைத்தட்டு அதிக எண்ணிக்கையில் விற்றது. 1987-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. நம் நாட்டிலும் தாத்தா காலத்துத் தட்டுகளைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். கூடவே ஒரு சண்டையும் வந்திருக்கிறது. "தட்டில் கேட்பதுதான் உண்மையான சங்கீதம்" என்கிறார் அப்பா. "கரகர என்று இரைகிறதே, இதுவா சங்கீதம்?" என்கிறான் மகன்.

யார் சொல்வது சரி?

அளந்து பார்த்தால் தட்டு தோற்றுவிடும். இதில் சந்தேகமே வேண்டாம். தட்டில் பாட்டு என்பது வளைந்து நெளிந்த ஒரு பள்ளம். ஊசி அதில் ஓடும்போது அதிர்கிறது. அந்த அதிர்வுதான் பாட்டாக வருகிறது. பள்ளத்தில் தூசி கிடந்தால் ஊசி அதிலும் இடிக்கும். "டக்" என்று சத்தம் வரும். நிமிடத்துக்கு 33 சுற்றுச் சுற்றும் பெரிய தட்டில், ஓரத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உள்பக்கம் வரும்போது அது 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. அதனால் கடைசிப் பாட்டு, முதல் பாட்டைப் போல அவ்வளவு தெளிவாக இராது. 1982-ல் வந்த சி.டி.க்கு இந்தத் தொல்லை கிடையாது. அதை ஒளி படிக்கிறது. உரசலும் இல்லை, தேய்மானமும் இல்லை.

அப்படியானால் தட்டுக் கேட்கிறவர் ஏமாளியா?

செங்கோட்டை கிட்டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். நாடக மேடையில் கொடிகட்டிப் பறந்தவர். 1933-ல் இறந்தபோது அவருக்கு வயது 27. சினிமாவில் நடித்ததில்லை. மேடையில் பாடியது எல்லாம் காற்றோடு போயிற்று. மிஞ்சியவை 78 சுற்று அரக்குத் தட்டுகள்தான். பக்கத்துக்கு மூன்று நிமிடப் பாட்டு. இரைச்சல் உண்டு. நுட்பமான ஓசைகள் பல அதில் பதியவே இல்லை. கருவி வைத்து அளந்தால் மார்க் மிகவும் குறையும். ஆனால் அந்தக் குரல் மேலே ஏறும்போது, இரைச்சல் யார் காதில் விழுகிறது?

ஓசூர் வட்டாரத்தாருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அது கைக்கடிகாரம் செய்யும் ஊர். 1980-களில் அங்கே டைட்டன் ஆலை வந்தது. அதன் குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்கே சில நொடிகள்தான் பிசகும். பெங்களூர் எச்.எம்.டி. செய்த சாவி கொடுக்கும் கடிகாரமோ ஒரே நாளில் அவ்வளவு பிசகிவிடும். எச்.எம்.டி. கடிகார ஆலையை மூடும் முடிவு 2016-ல் வந்தது. ஆனாலும் அந்தக் கடிகாரத்தை இன்னும் கட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. "இதுதான் சரியான மணி காட்டும்" என்று அவர்கள் வாதாடுவதில்லை. "எங்க அப்பா கட்டியது" என்கிறார்கள். ஷிப்டுக்குப் போக மணி பார்ப்பது செல்போனில்!

இசைத்தட்டுப் பிரியர்களும் இப்படிப் பேசினால் சண்டையே வராது. "எனக்குப் பிடிக்கிறது" என்றால் அதை மறுக்க யாராலும் முடியாது. "இதுதான் உயர்ந்த ஒலி" என்றால் அளந்து காட்ட வேண்டும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பும் இடத்தில்தான் வியாபாரி நுழைகிறான். "இந்த ஒயரை மாட்டுங்கள், பாடகர் எதிரே வந்து நிற்பார்" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பணம் கேட்கிறான். கொடுத்துவிடாதீர்கள். ஒரு திரை போடச் சொல்லுங்கள். எந்த ஒயர் என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் பத்துத் தடவை பாட்டுப் போடச் சொல்லுங்கள். வித்தியாசம் தெரியவில்லையா? அந்தப் பணத்தில் பத்துத் தட்டு வாங்கலாம்.

அளவு பேசும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தட்டை உறையிலிருந்து எடுத்து, துடைத்து, ஊசியை மெல்ல வைத்து, ஒரு பக்கம் முடியும் வரை குடும்பமே உட்கார்ந்து கேட்கிறது. பாதிப் பாட்டில் அடுத்ததற்குத் தாவுகிறவருக்கு அந்தச் சுகம் வருமா? அதை அளக்கக் கருவி இல்லை.

ஆனால் ஊசி விஷயத்தில் மட்டும் ரசனை பேசக் கூடாது. அரக்குத் தட்டின் பள்ளம் அகலம். பின்னால் வந்த வினைல் தட்டின் பள்ளம் குறுகல். ஒன்றின் ஊசி மற்றொன்றுக்கு ஆகாது. நல்ல ஊசி இரண்டு கிராம் கனத்தில் தட்டை அழுத்தும். மலிவுப் பெட்டிகளில் அது ஐந்து கிராமுக்கு மேலும் போகும். தேய்ந்த ஊசி பள்ளத்தைச் சுரண்டும். சுரண்டப்பட்ட பாட்டு திரும்பி வராது.

வீட்டுப் பரணில் கிட்டப்பா தட்டு ஒன்று அகப்பட்டால், உடனே போட்டுவிடாதீர்கள். 78 சுற்றுக்கு உரிய ஊசியை வாங்குங்கள். ஒரு தடவை ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் பதிந்துகொள்ளுங்கள். தினமும் கேட்க அந்தப் பதிவு. தட்டு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும்!